பேரீச்சம்பழத்துக்குப் போடாதீர்கள்

(சென்னை கீழ்க்கட்டளையில் பெற்றோருக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாற்காலி போதாமல் முன்னால் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்தான் இன்றைய சிறப்பு விருந்தினர்கள். இன்று நான் பேச வந்த பொருள் அவர்களுடையது. "அப்பா, எனக்கு ஒரு கேமிங் பிசி வேணும்" என்று பிள்ளை கேட்காத வீடு இந்தப் பக்கத்தில் எத்தனை இருக்கும்? "முதல்ல மார்க் எடு, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லாத அப்பா எத்தனை பேர் இருப்பீர்கள்? மார்க் எடுத்த பிறகும் பார்க்காமல் விட்ட அப்பா எத்தனை பேர் என்று மட்டும் நான் கேட்க மாட்டேன். முன்வரிசையே கை தூக்கிவிடும்.

உங்கள் மேலும் குற்றமில்லை. புதுக் கம்ப்யூட்டருக்கு விலை கேட்டால் ஐம்பதாயிரம் என்கிறார்கள், எழுபதாயிரம் என்கிறார்கள். கண்ணாடிக் கேபினட், உள்ளே நீலமும் சிவப்புமாய்ச் சுற்றும் விளக்கு. அந்த விளக்குக்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம். மாதத் தவணை கட்டும் வீட்டில் இது நடக்கிற காரியமா?

அதனால் ஒரே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன். அந்தக் கம்ப்யூட்டரை வாங்காதீர்கள். கட்டுங்கள். பழைய பாகங்களில் கட்டுங்கள். பிள்ளையின் கையாலேயே கட்டுங்கள்.

இதைச் சொல்லக் கீழ்க்கட்டளையை விடப் பொருத்தமான இடம் கிடையாது. ஏன் என்கிறீர்களா? நம் ஊரை வெட்டிக்கொண்டு போகிறதே இருநூறு அடி ரேடியல் சாலை, அதில் கிழக்கே போங்கள். துரைப்பாக்கம் வரும், ஓஎம்ஆர் வரும். ஐ.டி. கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள். ஒவ்வொரு மாடியிலும் வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அத்தனையையும் மாற்றிவிடுவார்கள். அதே சாலையில் மேற்கே போங்கள். பல்லாவரம். வெள்ளிக்கிழமை ஆனால் பழைய டிரங்க் ரோட்டில் சந்தை. ஒரு காலத்தில் மாட்டுச் சந்தையாக இருந்தது என்பார்கள். இன்று ரோஜாச் செடி, புறா, மீன்தொட்டி, மிக்ஸி ஜார், பழைய சைக்கிள் எல்லாம் கிடைக்கும். அவற்றுக்கு நடுவே கோணியை விரித்துக் கீபோர்டு, மானிட்டர், ரேம், ஹார்ட் டிஸ்க் என்று குவித்து வைத்திருப்பார்கள். கழிப்பவர்கள் ஒரு முனையில், விற்பவர்கள் மறு முனையில், நடுவில் நாம்.

ஆனால் இதே சாலையில் மூன்றாவதாக ஓர் இடமும் இருக்கிறது. துரைப்பாக்கம் போகிற வழியில் சதுப்பு நிலத்தைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அந்தப் பெருங்குடிக் குப்பைமேடு. 2022 ஏப்ரலில் அது பற்றி எரிந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதே ஆண்டில்தான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு ராம்சார் தகுதி கிடைத்தது. உலகமே போற்றிக் காக்க வேண்டிய நீர்நிலை என்று பட்டியலில் ஏறிய இடத்தின் மடியில் குப்பைமேடு. நம் கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் தண்ணீர் நாராயணபுரம் ஏரிக்குப் போகிறது, அங்கிருந்து அந்தச் சதுப்பு நிலத்துக்குத்தான் போகிறது. பழைய கம்ப்யூட்டர் போர்டுகளில் ஈயம் உண்டு, வேறு பல உலோகங்களும் உண்டு. செம்புக்காக வயரைக் கொளுத்துவதையும், தங்கத்துக்காகப் போர்டை அமிலத்தில் போடுவதையும் நாம் கண்ணால் பார்ப்பதில்லை. பார்க்காததால் நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

உலகம் முழுவதும் 2022 என்கிற ஒரே ஆண்டில் சேர்ந்த மின்னணுக் குப்பை 6.2 கோடி டன் என்று ஐ.நா. அமைப்புகளின் அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம். மிச்சம் எங்கே போயிற்று? ஏதோ ஓர் ஊரின் பெருங்குடிக்குப் போயிற்று.

இருக்கட்டும். நான் சுற்றுச்சூழல் சொற்பொழிவுக்கு வரவில்லை, விளையாட்டுக்கு வருகிறேன்.

கம்பெனிகள் கழிக்கும் கம்ப்யூட்டர் என்றதும் அது செத்த கம்ப்யூட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு மாறு என்றது. மாறலாம்தான். ஆனால் இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும் என்று நிபந்தனை போட்டது. எட்டாம் தலைமுறை வந்தது 2017-இல். அதற்கு முந்தைய கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே அறிவிப்பில் கிழடாகிவிட்டன. அந்தக் கம்ப்யூட்டருக்கு என்ன நோய்? ஒரு நோயும் இல்லை. நேற்று வரை எக்செல் போட்டது, வீடியோ மீட்டிங் நடத்தியது. இன்று லாட்டோடு ஏலத்துக்குப் போகிறது.

கம்பெனிகள் இவற்றை இஷ்டத்துக்கு எறியவும் கூடாது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற உற்பத்தியாளர்களிடமோ மறுசுழற்சிக்காரர்களிடமோ புதுப்பிப்பவர்களிடமோதான் கொடுக்க வேண்டும். அப்படி ஏலத்தில் எடுத்துத் துடைத்து, சோதித்து, "ரிஃபர்பிஷ்டு" என்று ஒட்டி விற்கிற கடைகள் ரிச்சி தெருவிலும் உண்டு, புறநகர்களிலும் உண்டு. டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர். ஆபீஸில் நாள் முழுக்க ஓட வேண்டும் என்றே செய்த பெட்டிகள் இவை. அழகு கிடையாது, உழைப்பு உண்டு.

இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் உலகத்து மெமரி சிப்புகளை வாரிக்கொண்டு போகின்றன. 2025 கடைசியில் ரேம் விலை எப்படி ஏறியது என்று கடைக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். மைக்ரான் நிறுவனம், சாதாரண மக்களுக்கு விற்றுவந்த தன் க்ரூஷியல் வணிகத்தையே மூடப்போவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. புது ரேம் வாங்கி அசெம்பிள் செய்வது கை சுடும் இந்த நேரத்தில், பழைய ஆபீஸ் பெட்டி தன் ரேமையும் வயிற்றில் வைத்துக்கொண்டே வருகிறது. இதைவிட என்ன வேண்டும்?

சரி, கடைக்குப் போகலாம். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறினால் பூங்கா நிலையம். ரிச்சி தெருவுக்கு அங்கிருந்து ஆட்டோவும் பிடிக்கலாம், நடக்கவும் நடக்கலாம். ரேடியோ பாகங்கள் விற்ற தெருதான் பிறகு கம்ப்யூட்டர் தெருவானது. பிராண்டட் கம்ப்யூட்டர் நடுத்தர வீட்டுக்கு எட்டாமல் இருந்த தொண்ணூறுகளில், தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றுக்கு "அசெம்பிள்டு சிஸ்டம்" போனது இந்தத் தெருவிலிருந்துதான். இங்கே உட்கார்ந்திருக்கும் அப்பாக்களில் சிலருடைய முதல் கம்ப்யூட்டரும் அந்தத் தெருப் பிறப்பாகவே இருக்கும்.

கடைக்காரர் சொல்வார், "ஐ5 சார், கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போங்க." கண்ணைத் திறந்துகொண்டே எடுங்கள். எந்த ஐ5? 2010-இல் வந்ததும் ஐ5, 2013-இல் வந்ததும் ஐ5, 2023-இல் வந்ததும் ஐ5. இரண்டாம் தலைமுறை முதல் ஒன்பதாம் தலைமுறை வரை ஐ5-க்குப் பிறகு நான்கு இலக்க எண் ஒன்று வரும். ஐ5-2400 என்றால் இரண்டாம் தலைமுறை. ஐ5-4570 என்றால் நான்காம் தலைமுறை. முதல் இலக்கத்தைப் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். நான் நான்காம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள் என்பேன். 2013-இல் வந்த அந்தத் தலைமுறையில்தான் ஏவிஎக்ஸ்2 என்ற கட்டளைத் தொகுதியை இன்டெல் சேர்த்தது. இப்போதைய கேம்கள் சில, அது இல்லாத கம்ப்யூட்டரில் திறக்கவே திறக்காது. நூறு ரூபாய், இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

அடுத்து, ஒல்லிப் பெட்டியா டவரா? ஒல்லிப் பெட்டி மேஜையில் அழகாக உட்காரும். ஆனால் உயரமான கிராஃபிக்ஸ் கார்டு அதில் நுழையாது. டவர் வாங்குங்கள். மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை. உள்ளே கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா? திருகுகளில் துருவா? இணைப்பு முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா? அப்படியிருந்தால் அது தண்ணீர் குடித்த போர்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தையும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் தெருக்களில் விட்டுப்போன தண்ணீரையும் பார்த்தவர்கள் நாம். நனைந்த கம்ப்யூட்டரும் காய்ந்தபின் சந்தைக்கு வரும். காய்ந்துவிட்டது என்பதாலேயே பிழைத்துவிட்டது என்று அர்த்தமில்லை.

இப்போது முன்வரிசை காத்திருக்கும் இடத்துக்கு வருகிறேன். கிராஃபிக்ஸ் கார்டு!

தம்பிகளா, தங்கைகளா, ஒரே ஓர் எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். 75. போர்டில் கார்டைச் செருகுகிறோமே அந்தத் துளை, அதன் வழியே 75 வாட் மின்சாரம்தான் கிடைக்கும். அதற்கு மேல் தின்கிற கார்டு என்றால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் டப்பாவான எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் போக வேண்டும். ஆபீஸ் பெட்டியில் பெரும்பாலும் அந்த வயரே இருக்காது. டெல் 9020 டவரில் இருக்கும் எஸ்எம்பிஎஸ் வெறும் 290 வாட். அதனால் 75-க்குள் அடங்கும் கார்டாகப் பாருங்கள். 2014-இல் வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ 60 வாட். 2016-இல் வந்த ஜிடிஎக்ஸ் 1050 டிஐ சரியாக 75 வாட். வயர் கேட்காத 1050 டிஐ ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே போதும். ஆபீஸ் பெட்டி விளையாட்டுப் பெட்டியாகிவிடும்.

ஜிடி 1030 என்று ஒன்று தருவார்கள். அது ஒரே பெயரில் இரண்டு கார்டு. ஒன்றில் ஜிடிடிஆர்5 மெமரி, இன்னொன்றில் டிடிஆர்4 மெமரி. இரண்டாவதில் மெமரியின் வேகம் மூன்றில் ஒரு பங்குதான். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பதை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள். பழைய மலிவுக் கார்டுகளில் மென்பொருளை மாற்றி 1050 என்று காட்டும் போலிகளும் உலவுகின்றன. ஜிபியு-இசட் என்ற சின்ன மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்தால் பல போலிகளை அது முகத்துக்கு நேரே போலி என்று சொல்லிவிடும். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்குக் கார்டு வைத்துச் சுரங்கம் வெட்டும் வேலை நின்றது. அப்போது இரவும் பகலும் ஓடிக் களைத்த கார்டுகள் உலகமெங்கும் பழைய சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 போன்றவை. சக்தி உண்டு, ஆனால் 185 வாட் தின்னும். நம் ஆபீஸ் பெட்டிக்கு அது ஆகாது.

கணக்கு ஆசிரியர்கள் யாராவது வந்திருக்கிறீர்களா? உங்களுக்காக ஒரு கணக்கு. புது மானிட்டர் 1920 பெருக்கல் 1080. மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஆபீஸில் கழித்த இருபது அங்குல மானிட்டர் பல, 1600 பெருக்கல் 900. மொத்தம் 14,40,000 புள்ளிகள். ஒவ்வொரு தடவையும் கார்டு வரைய வேண்டிய புள்ளிகளில் முப்பது சதவீதம் குறைந்துவிட்டது! பழைய கார்டுக்குப் பழைய மானிட்டர்தான் ஜோடிப் பொருத்தம். விலை குறைவு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, விளையாட்டே அதில் வேகமாக ஓடும். இருபதாயிரம் ரூபாய் என்று எல்லை கட்டிக்கொண்டு தேடுங்கள். டவர், கார்டு, மானிட்டர், ஒரு புது எஸ்எஸ்டி எல்லாம் அதற்குள் அடங்கப் பாருங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை மட்டும் நம்பாதீர்கள். ரேம் வாங்கினால் ஒரே எட்டு ஜிபியாக வாங்காமல் இரண்டு நாலு ஜிபியாக வாங்கி இரண்டு பக்கமும் போடுங்கள், போர்டு இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும்.

ஒரே ஒரு பொருளில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. எஸ்எம்பிஎஸ். கம்பெனி பெட்டியோடு வந்தது நன்றாக ஓடினால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். மாற்ற வேண்டி வந்தால் புதிதாக, 80 பிளஸ் முத்திரை உள்ளதாக வாங்குங்கள். ஐந்நூறு ரூபாய்க்கு 450 வாட் என்று எழுதி விற்பதைக் கையில் தூக்கிப் பாருங்கள், கனமே இருக்காது. அது போகும்போது தான் மட்டும் போகாது, போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். பிள்ளைகளே, எல்லாவற்றையும் திறக்கலாம், எஸ்எம்பிஎஸ் டப்பாவை மட்டும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். இது கட்டளை.

பெற்றோருக்கும் ஒன்று. கேபினட்டைத் தொட்டால் விரலில் சுர்ரென்கிறதா? பல பேர் கம்ப்யூட்டரைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குறை சுவரில் இருக்கும். எர்த் சரியில்லாத மூன்று பின் பிளக் பாயின்ட். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே உங்கள் வீட்டு எர்த் சரியானால், கம்ப்யூட்டர் வாங்கிய காசு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு நான் இந்த வேலையில் உட்காருவதுண்டு. ஒன்றே ஒன்று சொல்கிறேன். ஏழாவது படிக்கிற பெண். பாயில் நியூஸ்பேப்பர் விரித்து, டவரைப் படுக்க வைத்து, மூடியைக் கழற்றினாள். உள்ளே மேடவாக்கம் மெயின் ரோட்டு மெட்ரோ வேலையின் தூசி அத்தனையும் இருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் தட்டி எடுத்தாள். ஹீட்சிங்கைத் தூக்கினால், பிராசசர் மேலே தடவிய பேஸ்ட் பழைய சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. துடைத்து, புதுப் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு வைத்து மூடினாள். கார்டைச் செருகி, சுவிட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றுகிறது. திரையில் ஒன்றுமில்லை.

"அங்கிள், செத்துப்போச்சா?"

"நீயே கண்டுபிடி" என்றேன். பிளக்கைப் பிடுங்கி ரேமைக் கழற்றினாள். ஓரத்தில் தங்கநிறத் தகடுகள் மங்கிக் கிடந்தன. பென்சில் பாக்ஸில் இருந்த ரப்பரை எடுத்துத் தேய்த்தாள். பளபளவென்று வந்தது. துகளை ஊதிவிட்டு, இரண்டு முனையும் "டக்" என்று பூட்டும் வரை அழுத்தினாள். சுவிட்சு. அப்போதும் இருட்டு! கண் கலங்கிவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மானிட்டர் வயரைக் கார்டில் செருகாமல் போர்டில் செருகியிருந்தாள். மாற்றினாள். வந்துவிட்டது.

அன்று அவள் விளையாடியது கொஞ்ச நேரம்தான். கழற்றி மாட்டியதுதான் அதிக நேரம். அந்தப் பெண்ணுக்கு இனி எந்தக் கம்ப்யூட்டரும் மாயப்பெட்டி கிடையாது. இதை எந்த டியூஷனில் சொல்லித் தருகிறார்கள்?

பெண் என்று சொன்னேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். நம் வீடுகளில் ஸ்க்ரூடிரைவர் அண்ணன் கைக்குத்தான் போகிறது, தங்கைக்கு டார்ச் பிடிக்கும் வேலை. இந்த ஏற்பாட்டை யார் செய்தது? மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்.

பிள்ளைகள் கம்ப்யூட்டரை மாயப்பெட்டியாகவே பார்க்கிறார்கள் என்ற கவலை இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் வந்தது. எண்பதுகளில் வீட்டுக் கம்ப்யூட்டரை நோண்டி வளர்ந்த பிள்ளைகள் தாமாகவே நிரல் எழுதக் கற்றுக்கொண்டு படிக்க வந்தார்கள். பிறகு வந்த தலைமுறை அப்படி வரவில்லை. கம்ப்யூட்டர் நோண்ட முடியாத பொருளாகிவிட்டது. எபன் அப்டனும் நண்பர்களும் சேர்ந்து, பிள்ளைகள் பயமில்லாமல் நோண்டுவதற்கென்றே உள்ளங்கையளவில் ஒரு கம்ப்யூட்டர் செய்தார்கள். 2012 பிப்ரவரி 29-இல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெரி பை அதுதான். அவர்கள் புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. நமக்குச் செய்துவைத்தது காயலான் கடையில் கிடக்கிறது. நம் தமிழ்நாட்டிலும் 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. மிகப் பெரிய காரியம். ஆனால் மடிக்கணினியைத் திறந்தால் மாற்றுவதற்கு அதிகம் இல்லை. டவர் அப்படியில்லை. இந்த ஆண்டு ஒரு ரேம், அடுத்த ஆண்டு ஒரு கார்டு என்று பிள்ளையோடு சேர்ந்து வளரும்.

"எல்லாம் சரி சார், கடைசியில விளையாடத்தானே போறான்?" தாய்மார்கள் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி பார்வையாகவே வருகிறது. நியாயமான கேள்வி. ஆனால் உங்கள் பிள்ளை இப்போது விளையாடவில்லையா? போர்வைக்குள் போனோடு என்ன செய்கிறான்? போனில் அவன் ஆடுவது உங்களுக்குத் தெரியாது. ஹாலில் இருபது அங்குலத் திரையில் ஆடினால் பாட்டிக்குக்கூடத் தெரியும். கம்ப்யூட்டரை ஹாலில் வையுங்கள், திரை வாசலைப் பார்க்கட்டும். நேரத்தைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பணம் கட்டி ஆடும் ஆட்டம் வேறு, விளையாட்டு வேறு. ரம்மியில் குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்துத்தான் தமிழ்நாடு 2022-இல் சட்டம் கொண்டுவந்தது. பணம் வைத்தாடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுக்கத் தடுத்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றியது. அதே சட்டம் இ-ஸ்போர்ட்ஸை அங்கீகரிக்கவும் செய்கிறது. சட்டமே பிரித்துப் பார்க்கும்போது நாமும் பார்க்கலாம் இல்லையா? அதோடு, எந்த கேம் எந்த வயதுக்கு என்று அட்டையில் போட்டிருப்பதை மதியுங்கள். ஜிடிஏ பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. "எல்லாப் பசங்களும் ஆடுறாங்க" என்பது பதில் ஆகாது, முன்வரிசை!

என்ன ஆடலாம்? அப்பாக்களுக்கு ஈஏ கிரிக்கெட் 07 நினைவிருக்கும். 2006-இல் வந்த ஆட்டம், கம்பெனியே கைவிட்டுவிட்டது. நம் நாட்டு ரசிகர்கள் விடவில்லை. இன்றைய வீரர்கள், இன்றைய ஜெர்சி, ஐபிஎல் அணிகள் என்று தாங்களே செய்து சேர்த்து, இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஓர் ஆட்டத்தின் கோப்பைத் திறந்து ஜெர்சியின் நிறத்தை மாற்றுகிற பையன், பாதி புரோகிராமர் ஆகிவிட்டான். காசில்லாமல், திருட்டும் இல்லாமல் ஆட சூப்பர்டக்ஸ்கார்ட் இருக்கிறது, 0 ஏ.டி. இருக்கிறது, கட்டை அடுக்கி உலகம் கட்டும் லுவாண்டி இருக்கிறது. நண்பன் பென்டிரைவில் தரும் "கிராக்" பதிப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஆட்டத்தோடு வேறு என்னென்ன வருகிறது என்று கொடுத்தவனுக்கே தெரியாது.

விண்டோஸ் கைவிட்ட கம்ப்யூட்டருக்கு லினக்ஸ் இருக்கிறது. லினக்ஸ் மின்ட் போட்டுப் பாருங்கள். விண்டோஸுக்காக எழுதிய கேம்களை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற மென்பொருளை, கேம் விற்கும் ஸ்டீம் தளத்தார் 2018-இல் கொண்டுவந்தார்கள். 2022-இல் அவர்கள் வெளியிட்ட ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி ஓடுவதே லினக்ஸில்தான். எல்லாமும் ஓடாது. வேலரன்ட் என்ற ஆட்டம் ஓடாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டக் கூடாது. சந்தேகம் கேட்க ஆளில்லை என்ற பேச்சும் வேண்டாம். சென்னையில் லினக்ஸ் பயனர் குழு தொண்ணூறுகளின் இறுதியிலிருந்தே இயங்குகிறது. விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவர்களுக்கே காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கிறார்கள். விழுப்புரத்தில் நடப்பது கீழ்க்கட்டளையில் நடக்காதா?

நடக்கும். அதற்கு மூன்று பேரிடம் மூன்று உதவி கேட்டுவிட்டு உட்காருகிறேன்.

ஓஎம்ஆரில் வேலை பார்ப்பவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் கம்பெனி பழைய கம்ப்யூட்டர்களை யாரிடம் கொடுக்கிறது என்று நாளைக்கே அட்மின் துறையைக் கேளுங்கள். தகவலை முழுவதும் அழித்த பிறகு, விதிப்படியே, ஒரு பங்கு அரசுப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் வர வழி உண்டா என்று கேளுங்கள். கேட்பதற்குக் காசு ஆகாது.

பெற்றோர்களே, வீட்டுப் பரணில் துணி போர்த்திக் கிடக்கும் அந்தப் பழைய சிபியுவை அடுத்த முறை பழைய இரும்பு வாங்கும் வண்டிக்காரர் குரல் கேட்டதும் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடாதீர்கள். இறக்கி, துடைத்து, பிள்ளை முன்னால் வையுங்கள். ஓடாவிட்டாலும் பரவாயில்லை, கழற்றிப் பழக அதுவே முதல் பாடம்.

முன்வரிசையே, உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வருகிற ஞாயிறு காலை ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு ரப்பர் எடுத்துக்கொண்டு இதே மண்டபத்துக்கு வாருங்கள். பழைய டவர்களை நான் கொண்டுவருகிறேன். அப்பா அம்மாவையும் அழைத்து வாருங்கள், அவர்களுக்கு டார்ச் பிடிக்கும் வேலை இருக்கிறது.